மூன்றாவது கையெழுத்து

ஜெர்மனியின் பிரேமன் நகரில் நாங்கள் வசிக்கும் தெருவில், வாரத்துக்கு ஒரு வீட்டு வாசலிலாவது ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே நாலைந்து புத்தகங்கள், ஒரு காப்பிக் கோப்பை, சில சமயம் ஒரு மேசை விளக்கு. பெட்டியின் மேல் தடித்த பேனாவால் ‘ட்சூ ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதியிருக்கும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு வாசலில் புத்தகங்கள் நனைவதைப் பார்த்துப் பதறிப்போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழைப்புமணியை அழுத்தினேன். கதவைத் திறந்த பெண்மணி ஃபிராவ் பீட்டர்சன். பெட்டியைப் பார்த்ததும் கையை ஆட்டி, ‘நைன், நைன், தஸ் இஸ்ட் வெக்’ என்றார். ‘இல்லை, இல்லை, அது போய்விட்டது.’ யாரோ போய்விட்டார்கள் என்றுதான் எனக்குப் புரிந்தது. இறந்தவரின் புத்தகங்களை வெளியே வைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்து, மொழி வகுப்பில் மனப்பாடம் செய்திருந்த இரங்கல் வாக்கியத்தைச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, “யார் இறந்தது?” என்று கேட்டார்.

இது நடந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. படித்த புத்தகத்தைத் தெருவில் வைத்துவிட்டு உள்ளே போய் நிம்மதியாகக் காப்பி குடிக்கும் இந்த மனிதர்கள் இன்னும் எனக்கு விளங்கவில்லை. விளங்காதது மட்டுமல்ல, அவர்கள்மேல் பொறாமையாகவும் இருக்கிறது. ஒரே ஒரு புத்தகத்துக்காக, எனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பெண்ணின் மனதை நோகடித்துவிட்டு வந்தவள் நான். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல ஊரை விட்டு வந்தவர்களுக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பொறாமை எனக்கு இந்த நாட்டில்தான் நன்றாகப் பழகியது. ஃபிராவ் பீட்டர்சனின் வீட்டில் புதன்கிழமை மாலைகளில் ஐந்து பெண்கள் கூடுவார்கள். ஆரம்பப் பள்ளியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். எல்லோரும் ஒரே புத்தகத்தை அந்த மாதம் முழுக்க வாசித்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள். வேலை முடிந்து நான் படியேறும்போது அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கேட்கும். தண்ணீரைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளோடு இருந்துவிட்டு வருகிறவளுக்கு அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. என் ஜெர்மன் ஓரளவு தேறிய பிறகு, நான்காவது வருடத்தில், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நானும் வரலாமா என்று கேட்டேன். ‘விர் சிந்த் கொம்ப்லெட்’ என்றார் அவர், புன்னகை மாறாமல். புத்தகத்தை முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். “பரவாயில்லை, அடுத்த புத்தகத்திலிருந்து வருகிறேன்” என்றேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வெயில் வரும் என்று சொன்னார்கள், என்றார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் புரிந்தது. எங்களுக்கு ஆள் நிறைந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், திண்டுக்கல்லில் இருக்கிறாள், நானும் ஒரு காலத்தில் நிறைந்துதான் இருந்தேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்த ஒருத்தி ரோசி. கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை. அவளுடைய அப்பாவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம் இருந்தது. கிணறு வற்றிப்போனதும் டவுனுக்கு வந்து, நாகல்நகரில் தையல் சாமான் கடை வைத்துவிட்டார். நூல்கண்டு, பட்டன், லைனிங் துணி, சேலைக்கு அடிக்கும் ஃபால்ஸ். எங்கள் வீடும் நாகல்நகர்தான், இரண்டு தெரு தள்ளி. ஆனால் கல்லூரிக்குப் போகும்வரை ஒருவரை ஒருவர் தெரியாது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட வந்த புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து அதே குவியலைக் கிளறிய கை அவளுடையது. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பிடித்தோம். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. கடைசியில், ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று ஒப்பந்தம் போட்டோம்.

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கங்களும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கும். எழுதியவர் யார், நாவலின் பெயர் என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ‘தலையில்லாதது’ என்று பெயர் வைத்தோம். ஆற்றங்கரை ஊரில் பிறந்த மருதாயி என்ற பெண், தண்ணீரில்லாத ஒரு கரட்டுக் காட்டு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவாள். அந்த ஊரைத் திட்டிக்கொண்டே முந்நூறு பக்கம் வாழ்வாள். கணவன் இறந்த பிறகு, அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைப்பான். அவள் போகமாட்டாள். அவ்வளவுதான் கதை. அதை நாங்கள் எத்தனை முறை படித்தோம் என்று கணக்கில்லை. மூன்று வருடத்தில் அதன் ஓரங்கள் எங்கள் குறிப்புகளால் நிறைந்துவிட்டன. என்னுடையது பென்சில், குண்டுகுண்டான எழுத்து. ரோசியுடையது நீல மை, சாய்ந்த எழுத்து. நான் ஒன்று எழுதுவேன். அடுத்த வாரம் அவள் அதற்குக் கீழே பதில் எழுதியிருப்பாள். நேரில் பேசுவதைவிட அந்த ஓரங்களில்தான் நாங்கள் அதிகம் பேசியிருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் சேர்ந்தன. ஆனால் எது பிடித்த புத்தகம் என்று யாராவது கேட்டால், பெயர் சொல்ல முடியாமல் விழிப்பேன்.

எனக்குக் கல்யாணமாகி பிரேமன் கிளம்பியபோது பெட்டியில் எடை மீறியது. எவர்சில்வர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு புத்தகங்களை விட்டுவிட்டேன். “நீ வார வரைக்கும் நான் பாத்துக்கிறேன்டி” என்று ரோசி அவற்றைக் கடைக்குள், நூல்கண்டு அலமாரியின் மேல் தட்டில் அடுக்கி வைத்தாள். நான் வந்தேன், போனேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம். கோயமுத்தூரில் மாமியார் வீடு, இரண்டு கல்யாணம், ஒரு குலதெய்வக் கோயில். ரோசிக்கு அரை நாள் கிடைக்கும். அந்த அரை நாளில் அவள் பிள்ளைகள் வளர்ந்ததைப் பற்றிப் பேசுவோம். புத்தகத்தைக் கையிலெடுக்க நேரம் இருக்காது. ஆனாலும் மேல் தட்டை நிமிர்ந்து பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு போவேன். பிரேமனில் எனக்கு ஏதாவது ஒரு மாலை சரியில்லாமல் போனால், அந்த அலமாரியை நினைத்துக்கொள்வேன். அங்கே என் இடம் அப்படியே இருக்கிறது என்று ஒரு தெம்பு.

இரண்டு வருடத்துக்கு முன்பு, முதன்முறையாகத் தனியாக வந்தேன். அம்மா தம்பியோடு சென்னைக்குப் போய்விட்டதால் நாகல்நகரில் எங்களுக்கு வீடு இல்லை. மூன்று வாரமும் ரோசி வீட்டில்தான் என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்த முறையாவது அவளோடு உட்கார்ந்து தலையில்லாததை முதலிலிருந்து படித்துவிட வேண்டும் என்று திட்டம். மறுநாள் மதியம் கடைக்குப் போனேன். ரோசி கல்லாவில் இருந்தாள். உள்ளே, துணிக்கட்டுகளுக்கு நடுவே, முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து ரோசியின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் திறக்கவில்லை. தன் வீட்டு அடுக்களையில் திறப்பதுபோல் திறந்தாள்.

“இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, திரும்பியும் கத்தரிக்காயா? ஏக்கா, ஒனக்கு வேற காயே தெரியாதா?” என்றாள்.

“ஏய் வாசு, இவதேன் வசந்தி. போன்ல சொல்லுவேன்ல” என்றாள் ரோசி என்னிடம்.

போனில் சொல்லியிருக்கிறாள்தான். கடைக்கு வருகிற ஒடிசாக்காரப் பெண், நன்றாக ப்ளவுஸ் தைப்பாள் என்று. அந்தப் பெண் எழுந்து வந்து, “வாங்கக்கா, நல்லா இருக்கீகளா? எப்ப வந்தீக?” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்தேன், ஆனால் அந்தப் பிடியில் உயிர் இல்லை. வெஞ்சனம் என்ற சொல் என் வாயிலிருந்து எப்போது போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் ரோசியிடம், சைடு டிஷ் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

அவளுடைய உண்மைப் பெயர் பசந்தி. ரேஷன் கார்டில் எழுதியவர் வசந்தி ஆக்கிவிட்டார், அவளும் வைத்துக்கொண்டாள். கணவனோடு வேடசந்தூர் பக்கம் நூல் ஆலைக்கு வேலைக்கு வந்தவள். ஆலையில் பஞ்சுத்தூசு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து தையல் கற்றுக்கொண்டாள். நூல் வாங்க வந்த இடத்தில் ரோசியைப் பிடித்துக்கொண்டாள். நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லோரும் ரயிலேறி ஊருக்குப் போனபோது இவளும் போனாள். நான்கு மாதத்தில் திரும்பிவிட்டாள். ஏன் திரும்பினாய் என்று கேட்டேன். “அங்க போனா, பாக்குறவுக எல்லாம் எப்ப திரும்பிப் போறேன்னே கேட்டாகக்கா. இங்க வந்தா ரோசியக்கா, ஏண்டி இம்புட்டு நாள் வரலைன்னு வஞ்சுச்சு. வைய ஆள் இருக்குற ஊருதானே நம்ம ஊரு” என்றாள். நம்ம ஊரு. அதை அவள் யோசிக்காமல் சொன்னாள். பதினாறு வருடத்தில் பிரேமனை நான் ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. என்னை அங்கே யாரும் வைததும் இல்லை. எல்லோரும் மிக மரியாதையாக, ‘ஃபசூக்கி’ என்று என் பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டு, சரிதானே என்று கேட்பார்கள். சரிதான் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்த சில நாட்கள் எனக்கு நரகமாக இருந்தன. வெளியே தெரியாத நரகம். ரோசி எதைச் சொன்னாலும் அதில் வசந்தி இருந்தாள். வசந்தி சொன்னாள், வசந்திக்குப் பிடிக்கும், இதைக் கேட்டா வசந்தி சிரிப்பா. இரண்டு பேரும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு விளக்குவார்கள். விளக்கிய பிறகு நானும் சிரிப்பேன். காய்கறிக்காரர், மாவு மில்காரர், எதிர்க்கடை பாய், எல்லோரும் அவளை வசந்தி வசந்தி என்று கூப்பிட்டு எதையாவது கேட்டார்கள். என்னிடம், “எத்தன நாள் லீவும்மா?” என்று மட்டும் கேட்டார்கள். நான் விளையாடிய தெருவில், நான் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருத்தி என்னைவிட வேகமாக நடந்தாள். திண்டுக்கல் கோட்டை மலையைப் பார்த்தால்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது. அதுவும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டதுபோல.

ஐந்தாம் நாள், அலமாரியின் மேல் தட்டில் தலையில்லாதது இல்லை என்பதைக் கவனித்தேன்.

“அதுவா? வசந்திட்ட இருக்கு” என்றாள் ரோசி, பட்டன்களைப் பிரித்துக்கொண்டே. “தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அதுலதேன் பழகுனா.”

அன்று சாயங்காலமே வசந்தியின் வீட்டுக்குப் போனேன். நாகல்நகரிலேயே, ஒரு சந்துக்குள் இரண்டு அறை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில், சன்னலோரமாகப் புத்தகம் இருந்தது. சின்னாளபட்டிச் சுங்குடித் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். நான் கையிலெடுத்துத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன். என் பென்சில் எழுத்துக்கும் ரோசியின் நீல மைக்கும் கீழே, பச்சை மையில், சதுரம் சதுரமாக, மூன்றாவது ஒரு கையெழுத்து. பக்கம் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. படிக்கும் நிலையில் நான் இல்லை.

“இத நான் எடுத்துட்டுப் போறேன்” என்றேன்.

காப்பித் தம்ளரோடு நின்றிருந்த வசந்தி, “எடுத்துக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “மூணாவது தடவ படிச்சுக்கிட்டு இருக்கேன். முடிச்சுட்டுத் தரவா? நீங்க கெளம்புறதுக்குள்ள தந்துருவேன்” என்றாள்.

“இல்ல. இது ரோசியும் நானும் சேந்து வாங்குன புத்தகம். எங்க ரெண்டு பேரோடது.”

எங்க ரெண்டு பேரோடது என்பதை நான் அழுத்திச் சொன்னேன். அவளுக்கு அது புரிந்தது. வேற்று மொழியில் வாழ்கிறவர்களுக்குச் சொற்களைவிட அழுத்தம் சீக்கிரம் புரியும். எனக்குத் தெரியாதா என்ன? அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். “வெளிநாடு போற புத்தகம். நனையக்கூடாதுல்ல” என்றாள். நான் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை.

ரோசிக்கு மறுநாள் காலைக்குள் தெரிந்துவிட்டது. இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“புத்தகத்த வாங்கிட்டு வந்துட்டியாமே?”

“என்னோடதுதானே ரோசி.”

“ஒன்னோடதுதேன். யாரு இல்லேன்னா? இம்புட்டு வருசத்துல ஒரு நாளாவது எடுத்துப் பாத்தியா?”

“நேரம் எங்கடி இருந்துச்சு?”

“அதத்தேன் சொல்றேன். அவளுக்கு இருந்துச்சு.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “போன வருசத்துக்கு முந்துன வருசம் எனக்கு ஆபரேசன் ஆச்சு. கர்ப்பப்பைய எடுத்துட்டாக. எட்டு நாள் ஆஸ்பத்திரி. ஒனக்குச் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“சொல்லி? நீ அங்கன உக்காந்து அழுவ. நான் இங்கன படுத்துக்கிட்டு ஒன்னச் சமாதானப்படுத்தணும். எட்டு நாளும் வசந்திதேன் கூட இருந்தா. எனக்கு வலில தூக்கம் வராது. அவ இந்தப் புத்தகத்த எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசிப்பா. ஒரு பக்கம் வாசிக்க அர மணி நேரமாகும். ஒன்னோட பென்சில் எழுத்தையும் சேத்து வாசிப்பா. ‘அது யாரு அப்டி எழுதுனது’ம்பா. ‘வாசு’ம்பேன். ‘அது யாருக்கா வாசு’ம்பா. ஒன்னப் பத்திச் சொல்லிச் சொல்லியே எட்டு நாள் ஓடுச்சு. தெரியுமா ஒனக்கு?”

எனக்குத் தெரியாது. அப்போதே எழுந்து போய், அந்தப் புத்தகத்தை வசந்தியிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இரண்டு தெருதான். கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அதைக் கேட்ட பிறகு பொறாமை கூடத்தான் செய்தது. நான் இருந்திருக்க வேண்டிய கட்டிலோரத்தில், என் புத்தகத்தை வைத்துக்கொண்டு, என் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நன்றி தோன்ற வேண்டிய இடத்தில் எனக்குத் தோன்றியது அதுதான். மீதி நாட்களில் வசந்தி கடைக்கு வரவில்லை. நிறையத் தையல் வேலை என்று சொல்லி அனுப்பினாள். நான் கிளம்பும் நாளில் ரோசி வாசல்வரை வந்தாள். கார் வரை வரவில்லை. பெட்டியில் இந்த முறை எடை மீறவில்லை.

பிரேமனுக்கு வந்த பிறகு ரோசியிடமிருந்து ஒரு சொல் பதில்கள்தான் வந்தன. சரி. ம். நல்லாருக்கேன். நான் நீளமாக எழுதிய செய்திகளின் கீழே அந்த ஒற்றைச் சொற்கள் போய் உட்கார்ந்துகொண்டன. புத்தகம் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. நூலை அவிழ்க்கப் பயமாக இருந்தது. இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவிழ்த்தேன். சுங்குடி உறையில் வெங்காயமும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கதையை அல்ல. பச்சை மையை.

மருதாயி அந்த ஊரின் உப்புத் தண்ணீரை முதன்முதலில் குடித்துத் துப்பும் இடம் ஒன்று வரும். அங்கே நான், ‘வர்ணனை அதிகம்’ என்று எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வயதுத் திமிர். அதற்குக் கீழே பச்சையில்: ‘இல்ல அக்கா. அப்டிதான் இருக்கும். மொத மாசம் பூரா வயித்து வலி.’ ன, ண எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. இன்னோரிடத்தில், அந்த ஊர்ப் பெண்கள் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று மருதாயி நினைத்துக் குமைவாள். ரோசி, ‘இவளுக்குச் சந்தேக புத்தி’ என்று எழுதியிருந்தாள். பச்சை மை கேட்டது: ‘வாசு அக்கா, உங்களுக்கும் அங்க இப்டி தோணுமா?’

நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி எழுதப்பட்டபோது அவள் என்னைப் பார்த்ததே இல்லை. ரோசி கட்டிலில் கிடந்து சொன்ன கதைகளை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் ஒருத்தியிடம், பக்கம் பக்கமாக, பதில் வராத கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். மூன்றாவது கையெழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது முழுக்க என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. ரோசியிடம் பேச அவளுக்கு எழுத்து எதற்கு, பக்கத்திலேயே இருக்கிறாளே. உங்களுக்கும் அங்கே இப்படித் தோன்றுமா என்று அத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. என் கணவர் கேட்டதில்லை. ரோசியும் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்திருக்க வேண்டுமானால் அவர்களும் எங்கேயாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி அத்தியாயத்தில், அண்ணனின் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மருதாயி அடுப்பு மூட்டப் போவாள். அந்த வரிக்கு எதிரே ரோசி, ‘பாவம்’ என்று எழுதியிருக்கிறாள். நான், ‘முட்டாள்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். பச்சை மையில்: ‘முட்டாள் இல்ல அக்கா. இவளுக்கு இங்க ஒரு ஆள் இருக்கு.’

அன்று மாலை வரை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பென்சிலைத் தேடி எடுத்து, அவளுடைய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். ஆமாம், எனக்கும் தோன்றும். பேருந்தில் யாராவது சிரித்தால் முதலில் என் உடையைக் குனிந்து பார்த்துக்கொள்வேன். எனக்கு வயிறு வலிக்கவில்லை, பல் கூசியது. எல்லாவற்றுக்கும் எழுதினேன். இரண்டு வாரமாயிற்று. கடைசிப் பக்கத்தில், ஓரத்தில் இடமில்லாததால் கீழே எழுதினேன்: ‘முட்டாள் என்று எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று உன் வீட்டில் அப்படிப் பேசியபோது எல்லாம் தெரியும். தெரிந்தேதான் பேசினேன். உன்மேல் பொறாமை. இன்னும் இருக்கிறது. புத்தகம் உன்னிடமே இருக்கட்டும்.’ சுங்குடி உறையைப் போட்டு, அதே நூலால் கட்டி, தபாலில் அனுப்பினேன்.

ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில் ரோசியின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் பேசியது வசந்தி.

“அக்கா, பொறாமைன்னு எழுதியிருக்கீக. எம்மேலயா?”

“ஆமா.”

அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். “எனக்குந்தேன் அக்கா ஒங்க மேல. இந்த ரோசியக்கா இருக்கே, எதச் சொன்னாலும், வாசு இருந்தா இப்டிச் சொல்லிருப்பா, வாசு இருந்தா அப்டிச் சொல்லிருப்பான்னே சொல்லும். நான் பக்கத்துலயே இருக்கேன், எங்கயோ இருக்குற ஒங்க பேரத்தேன் சொல்லும். யாருடா இந்த வாசுன்னு எனக்கு எரிச்சலா வரும். அதான் சண்ட போடலாம்னு புக்குல எழுத ஆரம்பிச்சேன்.”

பின்னால் ரோசியின் குரல் கேட்டது. “ஏய், போனக் குடுடி. நான் பேசணும்.” வாங்கியவள், எடுத்த எடுப்பில், “அந்தக் காப்பியக் குடிச்சிருக்கலாம்ல நீயி?” என்று என்னை வைய ஆரம்பித்தாள். ஆய்வகத்தின் நடைபாதையில் நின்று அதை முழுவதும் கேட்டேன். அவ்வளவு நாள் கழித்து ஒருத்தி என்னை வைதாள்.

பொறாமை அதோடு தீர்ந்துவிட்டது என்று முடித்தால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் தீரவில்லை. அடுத்த கோடையில், மாம்பழக் காலத்தில் வந்தேன். மூன்று பேருமாக மாம்பழம் வாங்க நத்தம் போனோம். தோப்பை ஒட்டி, ரோட்டோரத்தில் புளியமர நிழலில் ஒரு அம்மா பழங்களைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பின்னால் ஒரு முழம் இடம் விட்டு நின்றேன். பிரேமனில் அப்படித்தான் நிற்பார்கள், உடம்பு பழகிவிட்டது. அந்த ஒரு முழத்தில் ஆள் ஆளாக வந்து புகுந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் வசந்தி வந்து என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வசந்தியிடம் கேட்டார். “இவுக எந்த ஊரும்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி முந்திக்கொண்டாள். “இந்த ஊருதேன். பெறந்து வளந்தது எல்லாம் திண்டுக்கல்லு. நாந்தேன் வெளியூரு. ஒடிசாவுல இருந்து வந்தவ.”

“யாரு, நீயி?” அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கென்று சிரித்தார். “போ தாயி. ஆளப் பாத்தாத் தெரியாதாக்கும் எனக்கு?”

ரோசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வசந்தி அந்த அம்மாவிடம் சத்தியம் செய்தாள். அவர் நம்பவே இல்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, நான் இந்த ஊர்க்காரி என்பதற்கு எனக்காக இவள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று உள்ளே சுருக்கென்றது. சாட்சி சொல்ல இவள் இருக்கிறாளே என்றும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கடைக்கார அம்மா எழுந்து, மரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை முந்தானையால் துடைத்து, நிழலில் இழுத்துப் போட்டார். “ஒக்காருங்கம்மா. இந்த வெயிலு ஒங்களுக்குத் தாங்காது.” உட்கார்ந்தேன். வசந்தியும் ரோசியும் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பழமாக எடுத்து முகர்ந்து, இது காய், இது வெம்பல் என்று அந்த அம்மாவோடு வழக்காடிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் வசந்தி ஒரு பழத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“என்னக்கா விருந்தாளி மாதிரி ஒக்காந்துட்டீக? எந்திரிச்சு வாங்க. வந்து மோந்து பாருங்க.”

“அவுக இருக்கட்டும்மா” என்றார் கடைக்கார அம்மா. “நீங்க ஒக்காருங்கம்மா.”

பாதி எழுந்தபடி, ஒரு கையால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வசந்தியையும் கடைக்கார அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.